மடத்துச் சகோதரிகளுக்கும் பணியாளர்களுக்கும் ஒரே மருத்துவக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் உள்ள எங்கள் கன்னியர் மடத்தின் கணக்கு வழக்குகளை நான் கவனித்து வருகிறேன். அருட்சகோதரிகள் 11 பேர் இருக்கிறோம். எங்களில் ஐவர் 70 வயதைக் கடந்தவர்கள். சமையலர், தோட்டக்காரர், ஓட்டுநர், விடுதிக் காப்பாளர் என்று ஏழு பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். இதுவரை மாகாணத் தலைமை இல்லத்தின் மருத்துவ நிதியிலிருந்துதான் செலவுகளைச் சமாளித்து வந்தோம். இப்போது ஒரு காப்பீட்டு முகவர், 18 பேரையும் ஊழியர்கள் என்று காட்டி ஒரே குழுக் காப்பீடாக எடுத்துவிடலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா?
— ஓர் அருட்சகோதரி, நீலகிரி மாவட்டம்

பதில்: குழுக் காப்பீடு எடுக்கலாம், ஆனால் சம்பளம் வாங்காத சகோதரிகளை ஊழியர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். காப்பீடு பெறுவதற்காகவே ஒரு குழுவை உருவாக்கக் கூடாது என்பதுதான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. உங்கள் சபை நெடுங்காலமாக இயங்கி வரும் அமைப்பு என்பதால், சகோதரிகளைச் சபையின் உறுப்பினர்கள் என்ற உண்மையான உறவிலேயே சேர்க்க முடியும். பணியாளர்களை முதலாளி–தொழிலாளி உறவில் தனிப் பட்டியலாகச் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள ஒரு பொய்த் தகவல் சிறிய பில்களில் யார் கண்ணிலும் படாமல் போகலாம். பல லட்ச ரூபாய் அறுவைச் சிகிச்சைக்குக் கேட்கும்போது அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும். அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர் முகவர் அல்லர், நீங்கள்தான்.

மூத்த சகோதரிகளுக்குக் குழுக் காப்பீட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்று ஏற்கனவே இருக்கும் நோய்களை முதல் நாளிலிருந்தே ஏற்கும்படி நிபந்தனை கேட்டு வாங்கலாம். தனிநபர் பாலிசியில் இத்தகைய நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கான செலவு கிடைக்காத ஆரம்பக் காலம்) வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது. 70 வயதைக் கடந்தவருக்கு மூன்று ஆண்டு என்பது சிறிய காலம் அல்ல.

எனினும் குழுக் காப்பீடு ஆண்டுக்கு ஆண்டு புதிதாகப் பேசி முடிக்கப்படும் ஒப்பந்தம் என்பதை மறக்க வேண்டாம். ஓராண்டில் இருவருக்குப் பெரிய செலவு ஏற்பட்டால், அடுத்த ஆண்டுப் பிரீமியம் உங்களால் தாங்க முடியாத அளவுக்கு உயரக்கூடும். தனிநபர் பாலிசியிலோ, முந்தைய ஆண்டுகளில் இழப்பீடு கேட்டார் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்திருக்கிறது. இதோடு, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குழு பாலிசிகளுக்கு 18 சதவீத வரி நீடிக்கிறது. அதாவது, ஒரு லட்சம் ரூபாய் குழுப் பிரீமியத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 1,18,000 ரூபாய். ஒரே தொகையைக் குடும்பத்தினர் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி இரத்த உறவுக்கும் திருமண உறவுக்கும் உரியது என்பதால் சகோதரிகளுக்கு அது பொருந்தாது. ஆகவே மூத்தவர்களுக்குக் குழுக் காப்பீடும், இளைய சகோதரிகளுக்கு உடல்நலத்தோடு இருக்கும்போதே ஆளுக்கொரு தனிநபர் பாலிசியும் எடுப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இன்று செலவு சற்றுக் கூடினாலும், அவர்கள் முதுமை அடையும்போது காத்திருப்புக் காலம் எல்லாம் எப்போதோ முடிந்திருக்கும்.

மருத்துவ நிதியைக் கலைத்துவிட வேண்டாம். மடத்துக்குள்ளேயே நோயாளர் அறை வைத்து, படுக்கையில் இருக்கும் மூத்தவர்களைக் கவனித்துக்கொள்வது உங்கள் வழக்கமாக இருக்கும். அந்தச் செலவைப் பாலிசிகள் பொதுவாகத் தருவதில்லை. பாலிசி விதிகளின்படி மருத்துவமனை என்றால், பதிவு பெற்றதாகவோ, அல்லது நம் ஊர்களைப் போன்ற 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள இடங்களில் குறைந்தது 10 படுக்கைகளும் இரவு பகல் செவிலியரும் அறுவை அரங்கும் உள்ளதாகவோ இருக்க வேண்டும். ஓய்வுக்கும் வெறும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு பொதுவான விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் நிதி அந்த இடத்தை நிரப்பட்டும். ஆனால் பணியாளர்களிடம் மாதந்தோறும் பணம் பிடித்துக்கொண்டு, நோய் வந்தால் இவ்வளவு தருவோம் என்று வாக்குக் கொடுப்பது வேறு விஷயம். காப்பீட்டுத் தொழில் நடத்தப் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமை உண்டு. அத்தகைய வாக்கை நம்பிய பணியாளருக்கு, நிதி வற்றும் நாளில் முறையிட ஓர் இடமும் இருக்காது.

மலையில் இருப்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் இதயம், மூளை சார்ந்த அவசரங்களில் பலரும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்குத்தான் இறங்குகிறார்கள். பணம் கட்டாமல் சிகிச்சை பெறக்கூடிய மருத்துவமனைகளின் பட்டியலைக் கையெழுத்திடும் முன்பே வாங்கி, மலை மேல் எவை, கோவையில் எவை என்று பாருங்கள். ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு தருவார்கள் என்றும் கேளுங்கள். அறை வாடகை வரம்பு மிக முக்கியம்: நாளுக்கு 3,000 ரூபாய் வரம்பு உள்ளவர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதிதான் கிடைக்கக்கூடும். மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவைச் செய்யக் கூடாது.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயதைக் கடந்த எவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. வயதுக்கு ஆதார் அட்டையே சான்று. தனியார் பாலிசி இருப்பவரும் சேரலாம். உங்கள் ஐவருக்கும் இதைப் பற்றி ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: குன்னூர்ப் பக்கம் ஒரு சிற்றாலயத்தில் உபதேசியாராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 9,000 ரூபாய். வீட்டில் வேறு வருமானம் இல்லை. ஆலயத்தில் காப்பீடு எதுவும் கிடையாது. எனக்கு என்ன வழி?

பதில்: ஐயா, உங்கள் ஆண்டு வருமானம் 1,08,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் நீங்கள் தகுதி உடையவர். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பிரீமியம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளோடு அதே ஆட்சியர் அலுவலக மையத்துக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள். நோய் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பங்குத்தளத்தில் ஆலயம், பள்ளி, விடுதி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்து, 10 பேரோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கினால், இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு உரியது அது, தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் செலுத்துகின்றன. பொருந்துமானால், அதைச் செலுத்துவது நிர்வாகத்தின் கடமை.

கேள்வி: எங்கள் மறைமாவட்டக் குழுக் காப்பீட்டில் இருந்தேன், பணியை விட்டதும் பாதுகாப்பும் போய்விட்டது. முன்பு கேட்ட ஓர் இழப்பீட்டையும் மறுத்திருக்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: குழுவிலிருந்து விலகுபவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம், மாற்றம் ஏற்கப்பட்டால் குழுவில் கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். குழுவில் இருந்ததற்கான சான்றிதழை மறைமாவட்ட அலுவலகத்திடம் கேட்டு வாங்கி, தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். மறுக்கப்பட்ட தொகைக்கு முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகிய மூன்றையும் இணைத்து அனுப்புங்கள்.