வாயைத் திறந்தால் கை நிற்கிறது

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. மகள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு அவளுடைய கீபோர்டு சும்மா கிடந்தது. இரண்டு வருடமாக நான் வகுப்புக்குப் போகிறேன். நொட்டேஷன் பார்த்து ஓரளவு வாசிப்பேன். ஆனால் என் ஆசை வேறு. கேசட் தேயத் தேயக் கேட்ட பீட்டில்ஸ் பாட்டுகளை வாசித்துக்கொண்டே பாட வேண்டும். வாயைத் திறந்தால் கை நின்றுவிடுகிறது. கையைக் கவனித்தால் பாட்டு தடுமாறுகிறது. இந்த வயதில் இது வருமா? புதுச்சேரியில் ஒரு பழைய பியானோ விலைக்கு வந்திருக்கிறது. நல்ல வாத்தியம் இருந்தால் கை பழகுமா?

எஸ்., மஞ்சக்குப்பம், கடலூர்

*

அன்புள்ள எஸ்.,

பியானோவை வாங்காதீர்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஈரம் குடித்து, அமுக்கிய கட்டை எழும்பாது. புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் ஒன்றை ஆறு வருடம் வைத்திருந்து, சுருதி சேர்க்க சென்னையிலிருந்து ஆள் வரவழைத்தே ஓய்ந்துபோனேன். கடைசியில் அகராதி அடுக்கத்தான் பயன்பட்டது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

வயதும் ஒரு காரணமில்லை. உங்கள் வலது கை பாட்டின் மெட்டை வாசிக்கிறது என்று நினைக்கிறேன். வகுப்பில் அப்படித்தான் தொடங்குவார்கள். தொண்டை பாடுவதையே கையும் பாடினால் ஒரே வாசலில் இரண்டு பேர் நுழைகிற கதை. மெட்டைக் கையிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். கைக்கு கார்டும் (ஒரே நேரத்தில் சேர்த்து அமுக்கும் ஸ்வரங்கள்) தாளமும் போதும்.

‘லெட் இட் பி’யையே எடுத்துக்கொள்வோம். 1970இல் வந்தது, பியானோ வாசித்துப் பாடியவர் பால் மெக்கார்ட்னி. ஸி-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் வரிக்கு நான்கு கார்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. இடது கையில் ஒற்றை ஸ்வரம்: ச, ப, த, ம. வலது கையில் ச க ப, நி ரி ப, ச க த, ச ம த. வாசித்துப் பாருங்கள், கை இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குக் கீழ் இரண்டு விரல்கள் ஒரு வெள்ளைக் கட்டை இறங்கும். மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு நடுவில் உள்ள ஸ்வரம் மட்டும் மாறும். கண் கட்டையை விட்டு எழுந்தால்தான் வாய்க்கு விடுதலை.

அடுத்த சிக்கல் எடுப்பு. முதல் இரண்டு சொற்கள் தாளத்துக்கு முன்பே வந்துவிடும். கை விழுவது மூன்றாவது சொல்லில். நான் மாதக்கணக்கில் சறுக்கிய இடம் இது. முதல் வாரம் பாடவே வேண்டாம். கார்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தபடி, இன்று என்ன குழம்பு என்று வீட்டில் கேளுங்கள். கை நிற்காமல் பேச்சு நடந்தால் அப்புறம் முனகல், அப்புறம் சொல்.

சுருதி எட்டவில்லையென்றால் கீபோர்டிலுள்ள டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கி இரண்டு மூன்று அரை ஸ்வரம் இறக்குங்கள். அது ஏமாற்று வேலை என்று உங்கள் ஆசிரியர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நம் ஊரில் பாடுகிறவர் கட்டைக்குத்தான் வாத்தியம் இறங்கி வரும்.

இந்த வித்தை நமக்கு அந்நியமும் இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இங்கே புதுச்சேரியில்தான் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் நாடகங்களை ஆடுகிற மேடையில் ஆர்மோனியக்காரர்தான் பின்பாட்டும். சிறுவயதில் பாகூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில், மேடையோரம் உட்கார்ந்து ஒருவரையே விடிய விடியப் பார்த்திருக்கிறேன். கால் துருத்தியை மிதிக்கும், கை கட்டையில் ஓடும், தொண்டை பின்பாட்டில். ராஜபார்ட் வசனம் பேசத் தொடங்கினால் வெற்றிலையும் மடிப்பார். பாட்டின் மெட்டை அவர் கை எல்லா நேரமும் துரத்தவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. பாட்டு ஏறும்போது சுருதியைப் பிடித்தபடி சும்மா நிற்கும்.

பொறுமை போனால் ‘ஹே ஜூட்’ கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். 1968ஆம் வருடத்துப் பாட்டு. நான்கு நிமிடம் மூன்றே கார்டு சுற்றிச் சுற்றி வரும், சொல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு முதலில் கைகூடியது அதுதான்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தப் பியானோவின் வலது ஓரத்தில் மெழுகுவத்தி சுட்ட கறை இருக்கிறதா? இருந்தால் அது என்னிடமிருந்து போனதுதான்.