விலங்கைக் கொல்லாமல் இரைப்பைப் புற்றைத் தொடர்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆய்வக விலங்குக்கு எதற்கு எண்டோஸ்கோபி? அறுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமே?

பதில்: தெரியும், ஆனால் அந்த ஒரு நாளின் நிலை மட்டும்தான். இன்று இருக்கும் புண் சில மாதங்களில் ஆறியிருக்குமா, கட்டியாகியிருக்குமா? இறந்த விலங்கில் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. எண்டோஸ்கோபியின் கேமராக் குழாயை வாய்வழியே இறக்கினால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், பயாப்ஸியும், அதாவது சோதனைக்குச் சிறு திசுத் துண்டும், எடுக்கலாம். புற்று எப்படி வளர்ந்தது என்று கேட்கிற ஆய்வுக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை என்பேன். பலியாகும் விலங்குகளும் குறையும்.

கேள்வி: எலி இருக்க நாய் எதற்கு?

பதில்: 1967இல் டோக்கியோவில் ஆய்வாளர்கள் தகாஷி சுகிமுராவும் புஜிமுராவும் எம்.என்.என்.ஜி. என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கொடுத்து எலிகளுக்கு இரைப்பைப் புற்று வரவைத்தார்கள். பெரிய திருப்பம் அது. ஆனால் எலியின் வயிற்றுக்குள் அன்றைய குழாய் போகாது. தவிர, எலி இரைப்பையின் முன்பகுதியில் சுரப்பியே கிடையாது. மனிதருக்கு அப்படியொரு பகுதி இல்லை. நாயின் இரைப்பை நம்முடையதைப் போல முழுக்கச் சுரப்பியுள்ளது, மனிதருக்கான கருவியே போதும். 1971இல் சுகிமுரா குழு நாய்களிலும் புற்றை உண்டாக்கியது. அதன்பின் ஜப்பானில் இத்தகைய நாய்களை எண்டோஸ்கோபியில் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பநிலைப் புற்றின் தோற்றங்களை 1962லேயே வகைப்படுத்தி வைத்திருந்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள், அதனால் நாயில் கண்டதை மனிதரில் கண்டதோடு ஒப்பிட முடிந்தது.

கேள்வி: சார், நாய்க்கு வலிக்காதா?

பதில்: பட்டினி போட்டு, முழு மயக்கம் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். குழாயைவிட நோய்தான் அதிகம் வதைக்கும். எடை குறைந்தால், வாந்தி நிற்காவிட்டால், அந்த விலங்கின் மீதான ஆய்வை அத்தோடு முடித்துவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

கேள்வி: பயாப்ஸி எடுப்பதே முடிவைக் கெடுக்காதா?

பதில்: கெடுக்கலாம். மிகச் சிறிய புற்று அப்படியே பிய்ந்து வந்துவிடும். பயாப்ஸி எடுத்த இடமும் அடுத்த முறை புண் போலத் தெரியும். இடம், தேதி, படம் மூன்றையும் பதிந்து வையுங்கள்.

கேள்வி: ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் விலங்குக்குப் புற்று வருமா?

பதில்: 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மங்கோலிய ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு விலங்குகளில் அப்படித்தான் அறிவித்தார்கள்: 62 வாரத்தில் 37 சதவீதத்துக்குப் புற்று. பிறகு வேறு ஜப்பானியர்கள் ஒரு சிக்கலைக் காட்டினார்கள். ஆழமாக ஊடுருவியதுபோல் தெரிந்த சுரப்பிகளில் பல, கிருமியை ஒழித்ததும் சுருங்கிவிட்டன. ஒருமுறை மட்டும் பார்த்தவர் அதையும் புற்று என்றே எழுதியிருப்பார்.

கேள்வி: அப்படியானால் கண்ணால் பார்த்தே புற்று என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. குழாய் காட்டுவது மேற்பரப்பை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது ஆய்வின் முடிவில் இரைப்பையை வரிசையாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.