என்எல் போடும் வரி எண் எடிட்டர் காட்டும் எண்ணோடு ஏன் ஒத்துப்போவதில்லை?

உங்கள் ஃபைலில் காலி வரிகள் இருக்கின்றன, காரணம் அதுதான். என்எல் என்பது யூனிக்ஸ், லினக்ஸில் ஃபைலின் வரிகளுக்கு எண் போடும் கட்டளை. அதற்கு ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் காலி வரிகளுக்கு எண் போடாமல் தாண்டிப் போகும். எடிட்டர் எல்லா வரிகளையும் எண்ணும். கம்பைலர் பிழைச் செய்தியில் வரும் எண்ணும் அப்படித்தான். என்எல் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஹைபன் பி ஏ (பி என்பது b) சேர்த்து, பிறகு ஃபைல் பெயரைக் கொடுங்கள். சரியாகிவிடும். (கட்டளைகளை உச்சரிப்பாக எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

இதோடு முடித்திருப்பேன். ஆனால் கேள்வியின் கடைசியில் "என்எல்லிலேயே கோளாறா? பழைய கட்டளை என்பதால் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

நான் புரோகிராமர் இல்லை. ஒலிப்பதிவு செய்த பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. நீங்கள் அநேகமாக புரோகிராம் எழுதுபவராக இருப்பீர்கள். உங்களுக்குக் காலி வரியும் ஒரு வரி. எங்கள் வேலையில் அப்படி இல்லை. பேசுபவர் மாறுகிறார் என்பதைக் காட்டத்தான் காலி வரி விடுவோம், அதற்கு எண் கொடுத்தால் குழப்பம்தான். "212-வது வரியில் ஊர்ப் பெயரைச் சரிபார்க்கவும்" என்று ஒருவர் எழுதினால், அது பேச்சு வரிகளில் 212-வது. ஆக, நீங்கள் கோளாறு என்று நினைப்பதைத்தான் நாங்கள் தினமும் நம்பி வேலை செய்கிறோம்.

ஒரு பெரிய பேட்டித் தொகுப்பில் சரிபார்ப்பவர்கள் பல பேர். எண் போடாத மூல ஃபைல் எல்லோரிடமும் இருக்கும், அவரவரே என்எல் ஓட்டி எண் போட்ட பிரதி எடுத்துக்கொள்வார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருவர் சொல்லும் எண்கள் மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை. முதல் பக்கத்தில் சிறிய வித்தியாசம், போகப் போக அதிகமாகிக்கொண்டே போனது. திரையில் பார்த்தால் இரண்டு ஃபைலும் அச்சு அசல் ஒன்றே. ஒருங்கிணைப்பாளர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "இந்தக் கட்டளையை நம்ப முடியாது."

நான் இரண்டு ஃபைலிலும், ஃபைலில் உள்ளதைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை ஹைபன் ஏ (இந்த ஏ மட்டும் பெரிய எழுத்து) சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அது காட்டிக் கொடுக்கும். என் ஃபைலில் காலி வரி இருந்த இடங்களில் வரி முடிவைக் காட்டும் ஒற்றை $ மட்டும் இருந்தது. எண் பொருந்தாதவருடைய ஃபைலில் ^ குறி, எம் எழுத்து, அப்புறம்தான் $. விண்டோஸ் எடிட்டர் ஒன்றில் திறந்து சேமித்திருக்கிறார். அது ஒவ்வொரு வரி முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற ஒரு பைட்டைச் சேர்த்துவிட்டது. என்எல்லின் கணக்கில் காலி வரி என்றால் உண்மையிலேயே ஒன்றும் இல்லாத வரி. ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் அது காலி இல்லை, எண் விழும். டிஆர் கட்டளையால் அந்த பைட்டை நீக்கியதும் எண்கள் ஒத்துப்போயின. ஃபைலில் இருந்ததைக் கட்டளை அப்படியே எண்ணிக் காட்டியிருக்கிறது. அதில் எங்கே கோளாறு?

"கேட் ஹைபன் என் போதுமே" என்பவர்களுக்கு: எல்லா வரிகளுக்கும் எண் வேண்டுமென்றால் போதும்தான், மறுக்கவில்லை. காலி வரிகளை விட்டு எண் போட கேட்டிலேயே ஹைபன் பி இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் பாஸிக்ஸ் என்ற யூனிக்ஸ் பொதுத் தரத்தில் கேட்டுக்கு உள்ள ஒரே ஆப்ஷன் ஹைபன் யூதான். வரி எண் போடும் வேலைக்குத் தரத்தில் இடம்பெற்றிருப்பது என்எல். கேட்டின் தலையில் இப்படி ஒவ்வொரு வேலையாகக் கட்டுவதை யூனிக்ஸை உருவாக்கிய பெல் லேப்ஸில் வேலை செய்த ராப் பைக் 1983-லேயே யூஸ்னிக்ஸ் என்ற யூனிக்ஸ் பயனர்கள் மாநாட்டில் கண்டித்துப் பேசியிருக்கிறார். தவிர, எண்ணின் அகலம், எண்ணுக்குப் பிறகு வரும் குறி, முன்னால் பூஜ்யம், எந்த எண்ணில் தொடங்குவது, இதெல்லாம் கேட்டில் கிடையாது. ஹைபன் என் ஆர்இசட், ஹைபன் டபிள்யூ 4 கொடுத்தால் 0001, 0002 என்று வரும். பேட்டியின் இரண்டாம் பகுதி தனி ஃபைலில் இருந்தால் ஹைபன் வி 841 கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆக் (உரை ஃபைல்களைக் கையாளும் சிறிய நிரல் மொழி) தெரிந்தவர்கள் அதில் வரிகளை எண்ணும் என்ஆர் போதும் என்பார்கள். பல ஃபைல்களைச் சேர்த்துக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் 1-லிருந்து எண் வேண்டுமென்றால் நானும் ஆக்கின் எஃப்என்ஆர்தான் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் என்எல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக நினைத்துத் தொடர்ச்சியாக எண்ணும்.

இதை இங்கே சொல்லலாமா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தத் தொகுப்பு புத்தகமாக வந்தபோது பேட்டி எடுத்தவர் பெயர் இருந்தது, அட்டை வடிவமைத்தவர் பெயர் இருந்தது. கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. பேசியவர் முணுமுணுத்த ஒரு சொல்லுக்காக ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டவர்கள் நாங்கள். நன்றியுரையில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் ஃபைலுக்கு வருவோம். எண் போட்ட வெளியீட்டை அதே ஃபைல் பெயருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். என்எல் தொடங்கும் முன்பே ஷெல் (டெர்மினலில் நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். வேறு பெயர் கொடுங்கள். பிறகு எண்களை நீக்க வேண்டுமென்றால் கட் கட்டளைக்கு ஹைபன் எஃப் 2 ஹைபன் கொடுத்தால் போதும், எண்ணுக்கும் வரிக்கும் நடுவே இருப்பது டேப் என்பதால். ஆனால் ஹைபன் பி ஏ இல்லாமல் எண் போட்டிருந்தால், லினக்ஸில் உள்ள குனூ திட்டத்தின் என்எல் ஒவ்வொரு காலி வரியிலும் ஏழு ஸ்பேஸ் நிரப்பி வைத்திருக்கும். அந்த வரிகளில் டேப் இல்லாததால் கட் அவற்றைத் தொடாது, ஸ்பேஸ்கள் அப்படியே தங்கிவிடும். அந்த ஃபைலில் மறுபடி என்எல் ஓட்டினால் அந்த வரிகளுக்கும் எண் விழும்.

ஹைபன் பி ஏ கொடுத்தும் எண் பொருந்தவில்லை என்றால், \:\:\: மட்டும் உள்ள வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதைப் பக்கத் தலைப்பின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள வரிகளுக்கு எண் போடுவதையே என்எல் நிறுத்திவிடும். அதுவும் இல்லையென்றால் கேட் ஹைபன் ஏ வெளியீட்டில் முதல் சில வரிகளை இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். படமாக வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள்.