இப்னு கல்தூன் பார்வையில் ஆட்சிகள் எழுவதும் தேய்வதும்: கேள்வி பதில்

கேள்வி: அஸபிய்யா என்றால் இனவெறிதானே?

பதில்: இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒருவனுக்கு ஆபத்து என்றதும் மற்றவன் கணக்குப் பார்க்காமல் வாளெடுத்து ஓடிவரும் பிணைப்பே அஸபிய்யா. அந்தப் பிணைப்பு ஆட்சியைப் பிடித்துத் தரும், அது தளர்ந்தால் ஆட்சியும் தளரும் என்பதுதான் 14ஆம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் வாதம். இரத்த உறவில் அது எளிதில் முளைக்கும். ஆனால் வம்சாவளி வெறும் கற்பனை, அது உண்டாக்கும் நெருக்கம்தான் பயன் என்று 1377இல் எழுதிய முகத்திமா என்ற வரலாற்று முன்னுரை நூலில் அவரே சொல்லிவிடுகிறார். அண்டி வந்தவர்களும் உடன்படிக்கையால் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம்.

கேள்வி: ஓர் ஆட்சிக்கு 120 ஆண்டுதான் ஆயுளா, ஐயா?

பதில்: தலைமுறைக்கு 40 ஆண்டு வீதம் மூன்று தலைமுறை. இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்த 40 ஆண்டை அவர் சான்றாகக் காட்டுகிறார்: அடிமைத்தனத்தில் ஊறிய தலைமுறை மறைந்து, அதை அறியாத தலைமுறை வளர அவ்வளவு காலம் பிடித்தது. ஆட்சியைப் பிடிக்கும் முதல் தலைமுறை கடும் வாழ்க்கைக்குப் பழகியது, பெருமையையும் பகிர்ந்துகொள்ளும். இரண்டாவதில் அரசன் எல்லாவற்றையும் தனக்கென்று எடுத்துக்கொள்வான். மூன்றாவதுக்குப் பழைய வாழ்க்கை நினைவிலேயே இருக்காது, கூலிப்படை தேவைப்படும். இந்தக் கணக்கோடு அவர் சேர்க்கும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாக்க வருபவன் இல்லையென்றால் தளர்ந்த ஆட்சியும் நீடிக்கும் என்கிறார்.

கேள்வி: ஒரு பேரரசை வைத்து இதைச் சரிபார்ப்பது எப்படி?

பதில்: மொராக்கோவையும் ஸ்பெயினின் தென்பகுதியையும் ஆண்ட முராபிதுகளை எடுங்கள். முதலில் பிணைப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: சஹாராவின் சன்ஹாஜா பெர்பர் குலங்கள், அவற்றை இணைத்த சமயச் சீர்திருத்த அழைப்பு. குலபலம் இல்லாத அழைப்பு எடுபடாது என்பது அவருடைய உறுதியான கருத்து. அடுத்து வரி. மார்க்கம் அனுமதிக்காத வரிகளை எதிர்த்து வந்தவர்களே பின்னாளில் அவற்றை விதித்தார்கள். பிறகு படை: கடைசிக் காலத்தில் கிறிஸ்தவக் கூலிப்படையை நம்பினார்கள். 1070 வாக்கில் அவர்கள் எழுப்பிய தலைநகர் மராகிஷ், 1147இல் மஸ்மூதா என்ற பெர்பர் குலங்களின் பலத்தில் வந்த முவஹ்ஹிதுகள் என்ற அடுத்த வம்சத்திடம் விழுந்தது. அவர்களிடமிருந்து 1269இல் மரீனிகள் என்ற மற்றொரு பெர்பர் வம்சத்தார் பறித்தார்கள். இடைவெளி 122 ஆண்டு! கணக்கு பொருந்திவிட்டதே என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். முவஹ்ஹிது இயக்கம் 1147க்கு முன்பே தொடங்கியது, அதன் முதுகெலும்பு 1212இல் ஸ்பெயினில் கிறிஸ்தவ அரசர்களிடம் கண்ட தோல்வியிலேயே முறிந்தது. ஆண்டுகளை எண்ணுவதைவிடப் பிணைப்பு, வரி, படை மூன்றும் எப்படி மாறின என்று பார்ப்பதே பலன் தரும்.

கேள்வி: வரியைக் கூட்டினால் வருவாய் எப்படிக் குறையும்?

பதில்: ஆடம்பரமும் படைச் சம்பளமும் ஏற ஏற வரி ஏறுகிறது. உழைத்தும் மிஞ்சாது என்று கண்டவன் உழவையும் தொழிலையும் குறைத்துக்கொள்கிறான், வசூல் சரிகிறது. ஈடுகட்ட மேலும் வரி. போதாமல் அரசனே வணிகத்தில் இறங்கினால் நிலைமை முற்றும்: சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கி வணிகர் தலையில் கட்டுவான், அவர்களுடைய மூலதனமே கரையும்.

கேள்வி: துருக்கியின் உஸ்மானியர் (ஓட்டோமான்கள்) 600 ஆண்டு ஆண்டார்களே?

பதில்: நல்ல கேள்வி. பணிவு பழக்கமாகிவிட்டால் ஆள்வோருக்கு அஸபிய்யா அவ்வளவாகத் தேவைப்படாது என்று அவர் எழுதிய பகுதியை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் அது 600 ஆண்டுக்குப் போதுமான விளக்கம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கண்முன் இருந்தது மக்ரிப், அதாவது வடமேற்கு ஆப்பிரிக்கா: பலவீனம் தெரிந்தால் பாய்வதற்கு ஒரு குலம் எப்போதும் அருகிலேயே இருந்த நிலம்.

கேள்வி: அப்படியானால் எல்லாமே சுழற்சிதானா?

பதில்: இல்லை. 1348இல் துனிஸைத் தாக்கிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் கொண்டுபோனது. அந்த நோய் ஊர்களை வெறிச்சோட வைத்து, ஏற்கெனவே முதுமையடைந்திருந்த ஆட்சிகளின் மிச்ச பலத்தையும் உறிஞ்சியது என்கிறார். உலகமே புதிதாகப் படைக்கப்பட்டதுபோல் மாறிவிட்டது, ஆகவே அதன் நிலையை மறுபடியும் பதிவு செய்ய ஒருவர் வேண்டும் என்பதை நூல் எழுதியதற்கே காரணமாகச் சொல்கிறார்.