அக்கா, என் கதை ஏன் திரும்பித் திரும்பி வருது?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல எழுத்து பத்திதான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், உங்க கேள்வி வேற யாரோட கேள்விக்குள்ளயாவது ஒளிஞ்சிருந்தா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, மூணு வருஷமா சிறுகதை எழுதறேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சுங்கறாங்க, பத்திரிகைக்கு அனுப்பினா மட்டும் திரும்பி வந்துடுது. ஒரு பத்தி அனுப்பியிருக்கேன், எங்க தப்புன்னு சொல்லுங்களேன்.

பதில்: படிச்சேன் தம்பி. புருஷன் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டான், அவ தனியா இருக்கா, அந்த இடம்தானே? நீங்க எழுதினது இது: "அவள் மிகவும் சோகமாக இருந்தாள். கண்களில் கண்ணீர் வழிந்தது. மனம் வலித்தது. வாழ்க்கையே இருண்டுவிட்டதைப் போல உணர்ந்தாள்." நாலு வாக்கியம், சொன்ன விஷயம் ஒண்ணே ஒண்ணு, அவ சோகமா இருக்கா. முதல் வரியிலயே அது புரிஞ்சுபோச்சு, மீதி மூணும் "புரிஞ்சுதா, நிஜமா புரிஞ்சுதா"ன்னு வாசகரோட தோளைத் தட்டித் தட்டிக் கேக்கற மாதிரி இருக்கு. உங்க ஃப்ரெண்ட்ஸுக்கு உங்களைத் தெரியும், உங்க முகத்தை மனசுல வெச்சுக்கிட்டுப் படிக்கறாங்க, அதான் கலங்கறாங்க. எடிட்டருக்கு அந்தப் பேப்பர் மட்டும்தான் தெரியும்.

இதுவே இப்படி இருந்தா? "அவனுடைய பழைய செருப்பு இன்னும் வாசலிலேயே கிடந்தது. இரண்டு நாளாக அவள் அதைத் தாண்டித் தாண்டித்தான் போய்வந்தாள்." சோகம்ங்கற வார்த்தையே இல்ல, கண்ணீர் இல்ல. அவ ஏன் அதை எடுத்து வைக்கலன்னு வாசகர் தானா யோசிப்பார் பாருங்க, அங்கதான் கதை அவருக்குள்ள போகுது. இதுக்காக எல்லா வரியிலயும் ஒரு செருப்பைத் தேடிக்கிட்டு அலையாதீங்க, அதுவும் அலுத்துடும். சும்மா நடந்துபோற இடத்துல "வீட்டுக்கு வந்தாள்"னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம், கதையோட முக்கியமான ரெண்டு மூணு இடத்துல மட்டும் நின்னு பாருங்க.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் நன்னூல்ல, ஒரு நூல்ல இருக்கக்கூடாத பத்துக் குற்றம்னு பட்டியலே போட்டிருக்கார். அதுல கூறியது கூறல்னு ஒண்ணு, மிகைபடக் கூறல்னு ஒண்ணு. நீங்க ஒரே பத்தியில ரெண்டையும் பண்ணிட்டீங்க! ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துபோன சமாசாரம்தான், இப்ப எடுத்து ஒருதடவை படிங்க, நூலுக்கு சொன்னது கதைக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: ரெண்டு சொல்லுக்கு நடுவுல வர்ற ஒற்று (க், ச், த், ப்) எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு இன்னும் குழப்பமாவே இருக்கு. எடிட்டர் பாத்துக்க மாட்டாரா?

பதில்: பாத்துப்பார், ஆனா முதல் பக்கத்துலயே பத்துப் பிழை இருந்தா ரெண்டாவது பக்கத்துக்கு வரமாட்டார். ஒற்றுங்கறது அழகுக்குப் போடற பொட்டு இல்லீங்க, அர்த்தமே மாறும். "வேலை கொடு"ன்னா பாக்கறதுக்கு ஒரு வேலை கேக்கறான், "வேலைக் கொடு"ன்னா கையில இருக்கற வேலாயுதத்தைக் கேக்கறான். எல்லா விதியும் ஒரே நாள்ல வேண்டாம். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி இதுக்கு அப்புறமும், ஐ, கு உருபு (வீட்டை, வீட்டுக்கு மாதிரி) வெளிப்படையா வந்தா அதுக்கு அப்புறமும், அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில தொடங்கினா ஒற்று வரும். சில, பல, அது, இது, "வந்த பையன்" மாதிரி பெயரெச்சம், இங்கெல்லாம் வராது. இவ்வளவு தெரிஞ்சாலே பாதிக்குப் பாதி பிழை குறைஞ்சுடும். நாவி, வாணின்னு இணையத்துலயே திருத்திகள் இருக்கு, ஆனா அது சொல்றதை எல்லாம் கண்ணை மூடிட்டு ஏத்துக்காதீங்க, மெஷினுக்கு உங்க கதை தெரியாது.

அப்புறம் அடிக்கடி கண்ணுல படறது: சுவற்றில் இல்ல சுவரில், பதட்டம் இல்ல பதற்றம், முன்னூறு இல்ல முந்நூறு. "என்னைப் பொருத்தவரை"ன்னு எழுதறவங்க இந்த மாசம் மட்டும் ஏழு பேர், அது பொறுத்தவரை.

கேள்வி: வசனத்தைப் பேச்சுத்தமிழ்ல எழுதலாமா, கொச்சைன்னு சொல்லிடுவாங்களா?

பதில்: இந்தப் பக்கத்தையே நான் எப்படி எழுதறேன்னு பாத்துட்டுமா இந்தக் கேள்வி! தாராளமா எழுதுங்க. ஒரு ஆள் ஒரு இடத்துல "போயிட்டு வர்றேன்"னும் அடுத்த வரியிலயே "நான் சென்று வருகிறேன்"னும் பேசினாதான் சிக்கல், அவருக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு நெனைப்பாங்க. இன்னொண்ணு, "என்றான்" போதும். கர்ஜித்தான், முழங்கினான், வினவினான்னு மாத்தி மாத்திப் போட்டா வசனத்தை விட்டுட்டு அந்த வினைச்சொல்லைத்தான் கண்ணு பாக்கும்.

கேள்வி: எழுதி முடிச்ச உடனே அனுப்பிடலாமா?

பதில்: கூடாது. நான் ஆரம்பத்துல அப்படித்தான் ராத்திரி முடிச்சு காலையில தபால்ல போட்டுடுவேன். ஒரு கதையில ஹீரோவுக்கு இடது கையில மாவுக்கட்டு, நாலாவது பக்கத்துல ரெண்டு கையாலயும் கைக்கொரு பெட்டியா தூக்கிக்கிட்டு ரயிலைத் துரத்தறான். திரும்பி வந்த கதையில ஓரமா பென்சில்ல "கை எப்போது சரியானது?"ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. இதுக்கும் நன்னூல்ல பேர் இருக்கு, மாறுகொளக் கூறல். ஒரு வாரமாவது அந்தக் கதை பக்கமே போகாம இருங்க, அப்புறம் வாய்விட்டுப் படிங்க. மனசுக்குள்ள படிச்சா நீங்க எழுத நெனைச்சதைத்தான் படிப்பீங்க, சத்தமா படிச்சாதான் எழுதினது என்னன்னு தெரியும். மூச்சு முட்டற இடத்துல வாக்கியத்தை உடைங்க, உங்களுக்கே வெக்கமா இருக்கற வரியை அடிச்சுடுங்க. நீங்க ரொம்ப ரசிச்சு எழுதின உவமைதான் பல நேரம் முதல்ல போகவேண்டியது, மனசு வராது, வேற ஒரு ஃபைல்ல எடுத்து வெச்சுக்கோங்க, நான் அப்படி வெச்ச ஃபைலை இதுவரைக்கும் திறந்ததே இல்ல.

கேள்வி: ஆரம்பம் சூப்பரா வருது, முடிவுதான் வரமாட்டேங்குது அக்கா.

பதில்: சென்று தேய்ந்து இறுதல், அதாவது நல்லா ஆரம்பிச்சுப் போகப்போகத் தேஞ்சு முடியறது. அதுவும் நன்னூலோட அந்தப் பத்துக் குற்றத்துல ஒண்ணுதான், பேரைக் கேட்டாலே உங்க கதை மாதிரி இல்ல? பெரும்பாலும் முடிவு ஏற்கனவே வந்திருக்கும், நீங்க கவனிக்காம தாண்டிப் போயிருப்பீங்க. கடைசிப் பத்தியை மறைச்சுட்டுப் படிங்க, கதை நிக்குதா? நின்னா அதுதான் முடிவு. நிக்கலன்னா சிக்கல் முடிவுல இல்ல, நடுவுல எங்கயோ அந்த ஆளுக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரியாம எழுதியிருக்கீங்க, அங்க போய்ப் பாருங்க.

கேள்வி: உணர்ச்சியான இடத்துல எத்தனை ஆச்சரியக்குறி போடலாம் அக்கா!!!

பதில்: கேள்விக்கு ஒரு கேள்விக்குறி போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.