எது மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது? கேள்வி பதில்

கேள்வி: கணினியின் மதர்போர்டு (மற்ற உறுப்புகள் பொருத்தப்படும் முதன்மைப் பலகை) வந்த வெள்ளிநிறப் பையின் மேலேயே அதை வைத்து மின்இணைப்புக் கொடுத்துச் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. வழியில் நிலைமின்சாரம் தாக்காமல் காப்பதற்காக அந்தப் பையில் மெல்லிய உலோகப் படலம் உண்டு. அதை மூடியிருக்கும் பாலியெஸ்டர் ஏடும் மெல்லியதே. போர்டின் அடியில் சால்டர் செய்த (பற்றவைத்த) உலோகக் கால்கள் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருப்பதால், சற்று அழுத்தினாலே ஏட்டைத் துளைத்து உலோகத்தைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். உலர்ந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: மல்டிமீட்டரால் (மின்சாரம் அளக்கும் கருவி) பையைத் தொட்டுப் பார்த்தேன், ஒலி எழவில்லையே?

பதில்: மின்பாதை இருப்பதைக் காட்டும் அந்த ஒலி பொதுவாகச் சில பத்து ஓம்களுக்குக் கீழே மின்தடை இருந்தால்தான் எழும். நீங்கள் தொட்டது மேலே உள்ள ஏட்டை. உலோகம் அதற்கு அடியில் இருக்கிறது.

கேள்வி: நான் எப்போதும் அப்படித்தான் சோதிக்கிறேன், எதுவும் பழுதாகவில்லை.

பதில்: உங்களுடையது இளஞ்சிவப்புப் பையாக இருக்கலாம், அதில் உலோகப் படலம் இராது. வெள்ளிநிறப் பைதான் என்றால், இதுவரை ஏடு கிழியவில்லை என்பதே பொருள். அதை நம்பி மற்றவர்களுக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

கேள்வி: தெர்மாகோல் மின்சாரத்தைக் கடத்தாதே, அதன் மேல் ரேம், சிப் வைக்கலாம் அல்லவா?

பதில்: கடத்தாததுதான் இங்கே சிக்கல். உரசலில் சேரும் மின்னூட்டம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். ஏறக்குறைய 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் அது பாய்வது நம் விரலுக்குச் சுருக்கென்று தெரியும். நுண்ணிய சில உறுப்புகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுவிடும். எனவே கடத்தாத பொருளெல்லாம் பாதுகாப்பானது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

கேள்வி: காய்ச்சி வடித்த நீரால் கீபோர்டைக் கழுவலாமா?

பதில்: மிகத் தூய நீர் மிகச் சிறிதளவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் கீபோர்டில் படிந்த உப்பும் வியர்வையும் அழுக்கும் கரைந்ததும் அது கடத்தியாகிவிடும். கழற்ற முடிந்த பொத்தான்களை மட்டும் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

கேள்வி: பென்சில் கோடு?

பதில்: பென்சில் முனையில் உள்ள கிராஃபைட் கடத்தும்.

கேள்வி: அலுமினியத் தாள்? பாத்திரம் தேய்க்கும் கம்பிநார்?

பதில்: இரண்டும் கடத்தும். உலோகங்கள் எல்லாமே கடத்தும். ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டாம். கம்பிநாரிலிருந்து உதிரும் இழைகள் போர்டுக்குள் விழுந்தால் தேடி எடுப்பது கடினம்.

கேள்வி: கறுப்பு ரப்பர் கடத்தாதுதானே?

பதில்: உறுதியில்லை. கறுப்பு நிறத்துக்காகவும் வலுவுக்காகவும் சேர்க்கும் கரித்தூள் மிகுந்தால் ரப்பரும் ஓரளவு கடத்தும்.

கேள்வி: அப்படியானால் ரப்பர் செருப்பு அணிந்துகொண்டு சுவர் சுவிட்சைப் பழுதுபார்க்கலாமா?

பதில்: செருப்பை நம்பாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.