பவளம் கடலடியில் எப்படி ஒட்டிக்கொள்கிறது? நாகப்பட்டினம் கடலில் ஏன் பவளத்திட்டு இல்லை?

பவளம் வேர்விடுவதில்லை, அது செடியல்ல, விலங்கு. அதன் இளவுயிரி பிளானுலா, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். நுண்மயிர்களை அசைத்து நீந்திவந்து பாறையைத் தடவித் தடவிப் பார்க்கும். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த இடம் பல இனங்களுக்குப் பிடித்தமானது. தேர்ந்தெடுத்ததும், நீந்தும்போது முன்னே இருந்த முனையைப் பாறையில் பதித்து, வாய் மேலே வர, தட்டையாகிவிடும். எனக்கு மிகவும் வியப்பான கட்டம் இதுதான். பிறகு அடிப்புறத்தில் அரகோனைட் என்ற சுண்ணாம்பைச் சுரக்கிறது. கொத்தனாரின் பூச்சுபோல அது பாறையின் மேடுபள்ளங்களைக் கவ்வி இறுகுகிறது.

நாகப்பட்டினத்தின் கடலடியிலோ பாறைக்குப் பதில் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும்தான்; அவை அலையில் புரண்டுகொண்டே இருப்பவை. அங்கே பிடிமானம் இல்லை. கலங்கிய நீரில் வெளிச்சமும் குறைவு. படியும் சேறு பிஞ்சுப் பவளத்தை மூடிவிடும். தெற்கே, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகளைப் பார்க்கலாம்.